மாதிரி ரயில் காட்சிகளைப் படமெடுத்தலும் பகிர்தலும்

மாதிரி ரயில் காட்சிப் படம் என்பது, குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கிச் செய்யப்பட்ட ரயில், தண்டவாளம், நிலையம், தெரு, மரம், மனிதர் ஆகியவை கொண்ட அமைப்பை, உண்மையான இடத்தில் நின்று பார்ப்பது போலத் தோன்றும்படி எடுக்கும் ஒளிப்படம் ஆகும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மாதிரி ரயில் செய்வது பல தலைமுறைகளாக இருந்துவரும் பொழுதுபோக்கு. அங்கெல்லாம் மாதிரியைச் செய்வதற்கு இணையாக அதைப் படமெடுப்பதும் ஒரு கலையாக வளர்ந்துள்ளது. பிரெஞ்சு மொழியில் இதற்கென்றே வெளிவரும் 'லோகோ-ரெவ்யூ' இதழ் 1937இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் குறைவு. ஆயினும் கைபேசிக் கேமரா வந்த பிறகு ஒரு சிறு மேசையளவு மாதிரியைச் செய்து படமெடுத்துப் பகிர்வது மாணவர்களாலும் இயலக்கூடியதாகிவிட்டது.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மீட்டர் கேஜ் ரயில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இல் போடப்பட்ட மீட்டர் கேஜ் பாதை 2004இல் அகலப் பாதையாக மாறியது. சென்னைக் கடற்கரை – தாம்பரம் இடையே 1931இல் தொடங்கிய மீட்டர் கேஜ் மின்சார ரயிலும் அதே 2004இல் நின்றது. இன்று தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் ரயிலைப் பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையம் – உதகமண்டலம் மலைப் பாதைக்குத்தான் போக வேண்டும். ஆகவே அந்தக் காலத்து ஊர் ரயிலைக் கண்ணுக்கு முன் கொண்டுவர மீதமிருக்கும் வழிகள் பழைய ஒளிப்படமும் மாதிரியும்தான். மாதிரியை நன்றாகப் படமெடுத்தால் அது பழைய ஒளிப்படம் போலவே தோன்றும். இந்தக் கலையின் பயனும் அதில் உள்ள ஆபத்தும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

அளவு விகிதம்

உலகில் மிகுதியாகப் புழங்கும் மாதிரி அளவு எச்.ஓ. எனப்படுவது. இதன் விகிதம் 1:87. அதாவது, உண்மையில் 87 செ.மீ. உள்ள பொருள் மாதிரியில் 1 செ.மீ. ஆகும். இதைவிடச் சிறியது என் அளவு. அது பெரும்பாலான நாடுகளில் 1:160. இன்னும் சிறியதான இசட் அளவு 1:220. பிரிட்டனில் ஓ.ஓ. எனப்படும் 1:76 அளவு வழக்கில் உள்ளது.

இந்திய ரயிலை மாதிரியாகச் செய்வோருக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. இது 1,435 மி.மீ. உள்ள ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்காகக் கணக்கிடப்பட்டது. நம் நாட்டு அகலப் பாதையின் இடைவெளி 1,676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வர வேண்டும். ஏறத்தாழ 3 மி.மீ. குறைகிறது. பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் இந்தக் குறை தெரியாது. ரயில் நேரே நம்மை நோக்கி வருவது போல எடுத்தால், பெட்டிக்குக் கீழே சக்கரங்கள் ஒடுங்கி நிற்பது ரயில்வேயில் வேலை பார்த்தவர் கண்ணில் உடனே படும். எந்தக் கோணத்தில் எடுப்பது என்பதை இப்படித் தண்டவாளமே ஓரளவு தீர்மானித்துவிடுகிறது.

மீட்டர் கேஜுக்கு நிலைமை சற்று நல்லது. 1,000 மி.மீ. பாதை 1:87இல் 11.5 மி.மீ. ஆகும். சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காகச் செய்யப்படும் 12 மி.மீ. தண்டவாளம் இதற்கு மிக அருகில் வருகிறது. மீட்டர் கேஜின் தனி முகமே, குறுகிய பாதையின் மேல் அதைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்கு அகலமான பெட்டி உட்கார்ந்திருப்பதுதான். இதை நேர் எதிரிலிருந்து எடுத்தால்தான் காட்ட முடியும். எனவே அகலப் பாதைக்குப் பக்கவாட்டுக் கோணமும் மீட்டர் கேஜுக்கு எதிர்க் கோணமும் பொருந்தும் எனக் கொள்ளலாம்.

கொலுப் பூங்காவும் குடிலும்

மாதிரி அமைப்பு என்றதும் அது மேல்நாட்டு வழக்கம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் தமிழ் வீடுகளில் நவராத்திரிக் கொலுவின் படிகளுக்குப் பக்கத்தில் தரையில் அமைக்கும் 'பார்க்' இதற்கு நெருங்கிய உறவு. மண்ணைப் பரப்பிக் கேழ்வரகையோ கடுகையோ தூவித் தண்ணீர் தெளித்தால் சில நாளில் புல்வெளி முளைத்துவிடும். கண்ணாடித் துண்டு குளமாகும். செங்கல்லும் மண்ணும் மலையாகும். அதன் நடுவே சாவி கொடுத்தோ மின்கலத்திலோ ஓடும் பொம்மை ரயில் ஒன்றை வட்டமாக விடுவது பல வீடுகளின் வழக்கம். புதுச்சேரியில் கிறிஸ்துமஸ் குடில் அமைப்போரும் ஏறத்தாழ இதே பொருள்களைக் கொண்டே பெத்லகேமைச் சுற்றி ஊரை எழுப்புகிறார்கள். உழவர்கரைக்கு மேற்கே உள்ள வில்லியனூரின் சுடுமண் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. மண்ணில் உருவம் செய்யும் திறமை இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை.

கொலுப் பூங்காவைப் படமெடுக்கும்போது எழும் முதல் குறை அளவுப் பொருத்தமின்மை. ரயிலைவிடச் செட்டியார் பொம்மை பெரிதாக இருக்கும். பசு நிலையத்தின் கூரையை எட்டிப் பார்க்கும். பூங்காவில் இது குறையாகத் தோன்றுவதில்லை. அங்கே பொம்மைதான் தலைமை. படத்தில் மட்டும் இது உறுத்தும். பெரிய பொம்மையைக் கேமராவுக்கு அருகில், அதன் கால் தெரியாதபடி நிறுத்தி, ரயிலைத் தொலைவில் ஓடவிட்டால், பெரியது அருகில் இருப்பதாகவும் சிறியது தூரத்தில் இருப்பதாகவும் கண் ஏற்றுக்கொள்ளும். கையில் இருக்கும் பொருளை வைத்துக்கொண்டு பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. கொலுப் பூங்கா பத்து நாளில் கலைக்கப்படுவது. முளைத்த கேழ்வரகு வாடிவிடும். அடுத்த ஆண்டுப் பூங்கா வேறாக இருக்கும். அந்த ஆண்டின் பூங்காவுக்கு எஞ்சுவது படம் மட்டுமே.

இந்தியாவில் பெரிய அமைப்புகள்

பொதுமக்கள் பார்க்கக்கூடிய நிரந்தர மாதிரி ரயில் அமைப்பு இந்தியாவில் குறிப்பிடத்தக்க அளவில் இருக்கும் இடம் புனே. அங்குள்ள கோத்ரூடு பகுதியில் பாவுசாகேப் ஜோஷி தம் பொழுதுபோக்காகத் தொடங்கியது வளர்ந்து, 1998 ஏப்ரல் 1 அன்று 'ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம்' எனத் திறக்கப்பட்டது. ஓடும் ரயில்களும் கைகாட்டிகளும் மேம்பாலங்களும் கொண்ட ஒரு முழு நகரத்தையே மாதிரியாகச் செய்து ஒலி, ஒளியுடன் இயக்கிக் காட்டுகிறார்கள். சர்க்கஸ், நீச்சல் குளம், காரில் அமர்ந்தபடியே பார்க்கும் திரையரங்கம் ஆகியனவும் அந்நகரத்தில் உண்டு. சென்னை இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை வளாகத்தின் ரயில் அருங்காட்சியகமும், 1977இல் திறக்கப்பட்ட புதுதில்லி தேசிய ரயில் அருங்காட்சியகமும் முதன்மையாக உண்மையான இன்ஜின்களையும் பெட்டிகளையும் காட்சிக்கு வைத்திருப்பவை. மாதிரி செய்வோர் அளவும் நிறமும் பார்த்துக்கொள்ள அவை பயன்படும்.

வெளிநாட்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட 'மினியாட்டூர் வுண்டர்லாண்ட்' உலகின் மிகப்பெரிய மாதிரி ரயில் அமைப்பு எனப்படுகிறது. கூகுள் நிறுவனம் 2016இல் சிறிய கேமராக்களைச் சிறு வண்டிகளில் ஏற்றி அதன் தெருக்களில் ஓடவிட்டு, உண்மையான நகரத் தெருக்களைக் காட்டுவது போலவே இணையத்தில் காட்டியது.

ஜான் ஆலனின் படங்கள்

மாதிரி ரயில் படக்கலையின் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் ஜான் ஆலன் (1913–1973). கலிபோர்னியாவின் மான்டரே நகரில் வாழ்ந்த இவர் தொழில்முறை ஒளிப்படக் கலைஞர். தம் வீட்டில் 'கோரி அண்டு டெஃபீட்டெட்' என்று வேடிக்கையாகப் பெயரிட்ட மலை ரயில் அமைப்பைப் பல ஆண்டுகள் உழைத்து எழுப்பினார். புதிதாக மின்னும் பெட்டிகளுக்குப் பதில் துருவும் தூசியும் படிந்த பெட்டிகளைச் செய்தார். இடம் குறைவாக இருந்த மூலைகளில் கண்ணாடியைப் பொருத்திப் பள்ளத்தாக்கை இரட்டிப்பாக்கினார். ரயில் இழுக்க ஓரிடத்தில் இன்ஜினுக்குப் பதிலாக ஒரு டைனோசரையும் வைத்திருந்தார். இந்தக் குறும்பை அவருடைய ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை. அவருடைய படங்கள் 'மாடல் ரயில்ரோடர்' இதழிலும் மாதிரி ரயில் விளம்பரங்களிலும் வெளிவந்து அந்நாட்டு மாதிரிக் கலையின் போக்கையே மாற்றின.

1973 ஜனவரியில் ஆலன் இறந்தார். அடுத்த சில நாட்களில் அவர் வீட்டில் பற்றிய தீ அந்த அமைப்பை அழித்துவிட்டது. அதைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும் அவர் எடுத்துவைத்த படங்களால்தான். லின் வெஸ்ட்காட் எழுதி 1981இல் வெளிவந்த நூல் அந்தப் படங்களைத் தொகுத்தது. செய்பவரே படமெடுக்கவும் தெரிந்தவராக இருந்ததால் ஒரு வாழ்நாள் வேலை முற்றிலும் மறையாமல் தப்பியது.

கண் உயரம்

மாதிரியை எடுத்த படம் மாதிரி போலவே தெரிவதற்கு முதற்காரணம் கேமராவின் உயரம். மேசைக்கு மேலே நின்று குனிந்து எடுத்தால் அது ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படம் ஆகிவிடும். ரயிலை நாம் அப்படிப் பார்த்து வளரவில்லை.

தரையில் நிற்கும் மனிதரின் கண் சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதை 87ஆல் வகுத்தால் 18 மி.மீ. லென்ஸின் மையம் மாதிரித் தரையிலிருந்து அந்த உயரத்தில் இருக்க வேண்டும். உயர நடைமேடையில் நிற்பவர் பார்வை வேண்டுமானால் இன்னும் 9 மி.மீ. கூட்டிக்கொள்ளலாம். பெரிய கேமராவை இவ்வளவு தாழ்வாக வைக்க முடியாது. அதன் உடலே தடுக்கும். கைபேசிக்கு அந்தத் தடை இல்லை. கைபேசியைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் உள்ள மூலை கீழே வரும்படி தண்டவாளத்தின் ஓரத்தில் நிறுத்தினால் லென்ஸ் ஏறத்தாழச் சரியான உயரத்துக்கு வந்துவிடும். படத்தைப் பிறகு நிமிர்த்திக்கொள்ளலாம். செலவில்லாத இந்த ஒரு மாற்றம், விலை உயர்ந்த கேமரா வாங்குவதைவிட அதிகப் பலன் தரும்.

மரத்தின் உயரமும் இதோடு சேர்ந்தது. கண் உயரத்தில் பார்க்கும்போது மரம் வானத்தில் எழ வேண்டும். 20 மீட்டர் பனைமரம் 1:87இல் 23 செ.மீ. வரும். அகலப் பாதைப் பயணிகள் பெட்டியின் நீளம் 21.3 மீட்டர் என்பதால் மாதிரியில் அது 24.5 செ.மீ. ஆகப் பெட்டியை நிமிர்த்தி வைத்தால் எவ்வளவோ, பனையும் ஏறத்தாழ அவ்வளவு. பலர் பனையை விரல் நீளத்துக்குச் செய்து நட்டுவிடுகிறார்கள். மேலிருந்து பார்க்கும்போது தெரியாத இந்தத் தவறு படத்தில் அகப்பட்டுக்கொள்ளும்.

கூர்மை

மிக அருகிலிருந்து எடுக்கும்போது ஒரு பகுதி மட்டும் தெளிவாகவும் முன்னும் பின்னும் மங்கலாகவும் விழும். உண்மையான ரயிலைத் தொலைவிலிருந்து எடுத்தால் இன்ஜின் முதல் கடைசிப் பெட்டி வரை தெளிவாக இருக்கும். ஆகவே பாதிப் பெட்டி மங்கினால் 'இது பொம்மை' என்று மூளை முடிவுகட்டிவிடுகிறது. இதையே தலைகீழாகப் பயன்படுத்தி, உண்மையான நகரத்தின் படத்தில் மேலும் கீழும் மங்கலாக்கிப் பொம்மை ஊர் போலக் காட்டும் வசதி பல கைபேசிச் செயலிகளில் உண்டு.

கேமராவில் லென்ஸ் துவாரத்தைச் சிறிதாக்கினால் தெளிவின் ஆழம் கூடும். எஃப்-16, எஃப்-22 போன்ற எண்களில் வைத்து, முக்காலியில் பொருத்தி, நீண்ட நேரம் ஒளி விழச்செய்வது பழைய முறை. ஆனால் துவாரம் மிகச் சிறிதானால் ஒளியின் விளிம்பு வளைவால் படம் முழுவதும் சற்று மென்மையாகிவிடும். கைபேசியின் உணரி மிகச் சிறியது என்பதால் அதற்கு இயல்பாகவே தெளிவின் ஆழம் அதிகம். கேமராவை அசைக்காமல், முன்னிருந்து பின்னாக ஒவ்வொரு தொலைவிலும் குவியம் வைத்துப் பல படங்கள் எடுத்து, தெளிவான பகுதிகளை மட்டும் கணினியில் இணைப்பது இன்றைய முறை. இதற்குப் பத்துப் பதினைந்து படங்கள் தேவைப்படலாம். அத்தனையும் எடுத்து முடியும்வரை மின்விசிறியை நிறுத்திவைப்பது நல்லது. காற்றில் பஞ்சு மரத்தின் இலை ஆடினால் இணைத்த படத்தில் ஒரே கிளை இரண்டாகத் தெரியும்.

படமெடுக்குமுன் மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்ட வேண்டும். 1 மி.மீ. நூல் துணுக்கு ஒன்று மாதிரி உலகில் 8.7 செ.மீ. கயிறு போல் கிடக்கும். புதுச்சேரி போன்ற கடற்கரை ஊர்களில் இன்னும் ஒரு தொல்லை உண்டு. உப்புக் காற்றில் இரும்புத் தண்டவாளம் விரைவில் துருப்பிடிக்கும். ஈரத்தில் லென்ஸினுள் பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கேமராவை வைப்பது வழக்கமாக வேண்டும்.

ஒளி

வெயிலில் நிற்கும் பொருளுக்கு ஒரே நிழல். கூடத்தில் இரண்டு டியூப்லைட் எரிந்தால் இன்ஜினுக்கு இரண்டு நிழல் விழும், அவையும் மங்கலாக. எத்தனை நன்றாகச் செய்த மாதிரியையும் இது காட்டிக்கொடுத்துவிடும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே விளக்கை மேலே, பக்கவாட்டில் வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையால் சிறிது ஒளியைத் திருப்பிவிடுவது அடிப்படை முறை. சூரியன் நம் கண்ணுக்கு அரை டிகிரி கோண அளவில் தெரிகிறது. 1 செ.மீ. அகலமுள்ள எல்.இ.டி. விளக்கு சுமார் 1.1 மீட்டர் தொலைவிலிருந்து அதே அளவு தெரியும். அந்தத் தொலைவில் வைத்தால் நிழலின் ஓரம் வெயில் நிழலைப் போலவே அமையும்.

அதைவிட எளிது, சூரியனையே பயன்படுத்துவது. ஒரு பலகையில் அடங்கும் சிறு காட்சியானால் அதை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்விடலாம். உழவர்கரை, ரெட்டியார்பாளையம் பக்கம் மாடியில் காலை ஏழரை மணி வெயில் சாய்வாக, சற்று மஞ்சளாக விழும். பின்னால் உண்மையான வானமே இருக்கும். பலகையைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்து எடுத்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைந்து வானமும் தூரத்து மரங்களும் மட்டும் பின்புலத்தில் நிற்கும். பத்து மணிக்கு மேல் வெயில் உச்சிக்கு ஏறி நிழல் பெட்டிக்கு அடியில் ஒடுங்கிவிடும் என்பதால் அதற்குள் முடித்துவிட வேண்டும். பிளாஸ்டிக் பெட்டிகளை அதற்கு மேல் வெயிலில் வைத்தால் வளையவும் கூடும்.

வீட்டுக்குள் எடுப்பவர் வெளிர் நீல அட்டையைப் பின்புலமாக வைக்கலாம். தொடுவானத்துக்கு அருகில் வெளுத்தும் மேலே போகப்போக நீலம் கூடியும் தீட்ட வேண்டும். அட்டையின் மேல் இன்ஜினின் நிழல் விழுந்தால் வானத்தில் நிழல் விழுந்ததாகிவிடும். அட்டையை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளுவதே வழி.

அசையும் படம்

ரயில் ஓடுவதை வீடியோவாக எடுக்கும்போது வேகம் பெரும்பாலும் அளவை மீறிவிடுகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு 16.7 மீட்டர். 1:87இல் அது வினாடிக்கு 19 செ.மீ. ஆகிறது. ஆக ஒரு பெட்டி நம்மைக் கடக்க ஒன்றேகால் வினாடிக்குச் சற்று மேல் ஆக வேண்டும். பிள்ளைகள் ஓட்டும் வேகத்தில் அது அரை வினாடியில் பறந்துவிடும்.

ஆனால் புவியீர்ப்பு நம் விகிதத்துக்குக் கட்டுப்படுவதில்லை. மாதிரி அருவியில் உண்மையான தண்ணீரை விட்டால் அது பெரிய அருவியைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு விரைவாக விழுந்து தீர்ந்துவிடும். 87இன் வர்க்கமூலம் 9.3 என்பதே அதன் கணக்கு. திரைப்படங்களில் சிறு மாதிரிகளை மிகுந்த வேகத்தில் படமாக்கி மெதுவாக ஓட்டிக்காட்டுவது இதற்காகத்தான். அப்படி மெதுவாக்கினால் ரயில் ஊர்வது போலாகிவிடும். ஓடும் தண்ணீரும் ஓடும் ரயிலும் ஒரே வீடியோவில் இயல்பாகத் தோன்றுவது அரிது. தண்ணீரைப் பிசினால் செய்து அசையாமல் விட்டுவிடுவதுதான் பலருடைய தீர்வு.

பகிரும்போது எழுத வேண்டியவை

மேலே சொன்னவற்றையெல்லாம் கடைப்பிடித்து எடுத்த ஒரு படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பகிர்ந்தால், பார்ப்பவர் அதை ஐம்பது ஆண்டுக்கு முந்தைய உண்மைப் படம் என்றே எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. பகிர்ந்தவர் ஏமாற்ற எண்ணியிருக்க மாட்டார். நான்கு கை மாறும்போது அவர் எழுதிய குறிப்பு உதிர்ந்துவிடும். பிறகு அது 'பழைய புதுச்சேரி' என்ற தலைப்பில் சுற்றத் தொடங்கினால், நிலையத்துக்கு இல்லாத ஒரு கதவையும் பாதைக்கு இல்லாத ஒரு கைகாட்டியையும் உள்ளூர் வரலாறாக மாணவர் தம் கட்டுரையில் எழுதிவைப்பார். மறைந்துபோன ஒன்றின் மாதிரிக்கே இந்தத் தீங்கு அதிகம். ஒப்பிட்டுத் திருத்த உண்மைப் பொருள் இல்லை.

இதற்குப் பரிகாரம், 'மாதிரி' என்ற சொல்லையும் விகிதத்தையும் படத்தின் மேலேயே ஓரத்தில் சிறு எழுத்தில் பொறித்துவிடுவது. கீழே தனியாக எழுதினால் மட்டும் போதாது. விரிவான குறிப்பில், செய்தவர் யார், எடுத்தவர் யார், எடுத்த தேதி, எந்த இடத்தை எந்தக் காலத்தைச் சித்தரிக்கிறது, எது அளந்து செய்தது, எது ஊகித்துச் செய்தது என்பவை இருக்க வேண்டும். 'நிலையக் கட்டடத்தின் முகப்பு பழைய படத்தைப் பார்த்துச் செய்தது; பின்பக்கம் கற்பனை; புகை கணினியில் சேர்த்தது' என மூன்று வரி எழுதினால் பின்னால் வரும் ஆய்வாளர் அதை நம்பிக் கையாளலாம். கணினியில் புகை சேர்ப்பதிலோ வானத்தை மாற்றுவதிலோ தவறு ஒன்றும் இல்லை. சொல்லாமல் விடுவதுதான் தவறு.

வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினால் தெளிவு குறைந்து போகும். ஆவணமாக அனுப்பினால் முழுத் தெளிவோடு போகும். ஆனால் கேமரா பதிந்துவைத்த தேதியும், இடக்குறிப்பு இயங்கியிருந்தால் வீடு இருக்கும் இடமும்கூடச் சேர்ந்தே போகும். விலை உயர்ந்த இன்ஜின்கள் வைத்திருப்போர் வீட்டின் இருப்பிடத்தை ஊருக்கெல்லாம் அறிவிக்க விரும்பமாட்டார்கள். படமெடுக்குமுன் கைபேசியில் இடக்குறிப்பை நிறுத்திவிடலாம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி ஒளிப்படத்தின் ஆக்குநர் அதை எடுத்தவரே. அவர் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஒருவர் செய்த மாதிரியை மற்றொருவர் எடுக்கும்போது செய்தவரின் இசைவைக் கேட்டுக்கொள்வதும் இருவர் பெயரையும் இடுவதும் முறை. விக்கிமீடியா பொதுவகம் போன்ற இடங்களில் ஏற்றும் படங்களுக்குத் தாராளமான உரிமம் தர வேண்டியிருக்கும். அந்த உரிமத்தில் பெயரைக் குறிப்பிட்டு யாரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது என்பதைத் தெரிந்துகொண்டே கொடுக்க வேண்டும்.

புதுச்சேரிப் பாதையை மாதிரியாக்க

விழுப்புரம் – புதுச்சேரி மீட்டர் கேஜ் பாதை சுமார் 38 கி.மீ. நீளமுள்ள சிறிய கிளைப் பாதை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் புறப்பட்டுப் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் முடிந்த பாதை என்பதால் வரலாற்றுச் சுவை மிக்கது. மேசையளவில் செய்ய ஏற்றதும்கூட. முழு நிலையத்தைச் செய்ய இடமில்லாதவர், கடலூர் சாலையில் ஆங்கிலோ பிரெஞ்சு ஆலைக்கு அருகே உள்ள ரயில்வே கேட் போன்ற ஒரே காட்சியை எடுத்துக்கொள்ளலாம். மூடிய கேட், அதன் முன் காத்து நிற்கும் சைக்கிள்கள், பின்னால் ஆலைச் சுவர், நடுவே கடந்துபோகும் ஒற்றை ரயில். ஒரு மீட்டர் நீளப் பலகை போதும்.

பாதைக்கருகே போய் அளவெடுக்கவோ படமெடுக்கவோ எண்ணுவோர், அனுமதியின்றி ரயில்பாதைக்குள் நுழைவது ரயில்வே சட்டம், 1989இன் 147ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது என்பதை அறிந்திருக்க வேண்டும். தண்டவாளத்தின் நடுவே நின்று கைபேசியில் படமெடுத்து உயிரிழந்த இளைஞர்களைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. ரயில் எதிரே பாய்ந்து வரும் அந்தப் படத்தை மாதிரியில் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

மீட்டர் கேஜ் காலத்துக்குச் சான்று தேடுவோருக்குப் பெரிய ஆவணக் காப்பகங்களைவிட வீட்டு ஆல்பங்கள் கூடுதலாக உதவும். ரயிலை மட்டும் படமெடுத்துவைத்தவர் சிலரே. நிலையத்தில் வழியனுப்பும்போதும் கல்லூரிச் சுற்றுலா புறப்படும்போதும் எடுத்த குடும்பப் படங்களின் பின்னணியில் பெட்டியின் செங்காவி நிறமும், தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மஞ்சள் பெயர்ப் பலகையும், நடைமேடையின் தாழ்ந்த விளிம்பும் தற்செயலாக விழுந்திருக்கும். அப்படிப்பட்ட படம் கிடைத்தால் அதில் நிற்பவரின் உயரத்தை அளவுகோலாகக் கொண்டு பலகையின் உயரத்தையும் கதவின் அகலத்தையும் ஓரளவு கணக்கிட்டுவிடலாம். உரியவரிடம் கேட்டு ஸ்கேன் செய்யும்போது முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்ய வேண்டும். ஊரும் ஆண்டும் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் பேனாவால் எழுதப்பட்டிருக்கும்.